மாமா கொடுத்த கே1000 பிலிம் கேமராவில் பழகுவதா, டிஜிட்டல் வாங்குவதா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். வயது 43, மதுரையில் கணக்கு வாத்தியார். போட்டோ அனுபவம் என்றால் போனில் எடுத்ததுதான்.

போன வருடம் என் தாய்மாமா அவருடைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டார். பென்டாக்ஸ் கே1000, 50 எம்எம் எஃப் 2 லென்ஸ். 1984ல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. "கண்ணு சரியா தெரியல மாப்ள, நீ வெச்சுக்க" என்றார். தோல் உறையைத் திறந்தால் இன்னும் அவர் வீட்டு பீரோ வாசனை வருகிறது.

எங்கள் பள்ளி ஓவிய வாத்தியார், "பிலிமில் பழகினால்தான் யோசித்து எடுக்கத் தோன்றும். டிஜிட்டல் விரலைத்தான் பழக்கும்" என்று அடித்துச் சொல்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீ லாக் டேபிள் வெச்சுத்தான் கணக்கு போடணும்னு சொல்ற ஆளு" என்கிறாள். இன்னொரு நண்பர் தன் பழைய நிக்கான் டி3200 டிஜிட்டல் கேமராவை, கூடவே வந்த கிட் லென்ஸோடு சல்லிசாகத் தருகிறேன் என்கிறார்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு கலர் ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஆழ்வார்புரம் பக்கம் போய் நின்றேன். நன்றாக விடிந்த பிறகுதான் ஆரம்பித்தேன். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றியிருந்த ஒரு பாட்டி, அப்பா தோளில் கள்ளழகர் வேஷத்தில் தூங்கிப் போன ஒரு குழந்தை. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் காட்டுகிற முள்ளை நடுவில் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். 36 ஆனது. லீவர் அதற்கு மேலும் லேசாக ஓடியது. அதிர்ஷ்டம், இரண்டு படம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நினைத்தேன்.

லேபில் ஒரு வாரம் கழித்து நெகட்டிவைக் கையில் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் வெறும் பட்டை. ஓரத்தில் கம்பெனி பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்களும் மட்டும் இருந்தன. "சார், ரோல் உள்ள ஓடவே இல்லை" என்றார் அந்தப் பையன். அந்தப் பாட்டியின் முகம் மட்டும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது கேள்வி: இந்தக் கேமராவிலேயே பிடிவாதமாகப் பழகலாமா? பிலிம் நிஜமாகவே நல்ல வாத்தியாரா, அல்லது அடிக்கிற வாத்தியார்தான் நல்ல வாத்தியார் என்று பெருசுகள் சொல்வது மாதிரிதானா?


ஐஎஸ்ஓ 6400:

சார், கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது. கலர் ரோல், கழுவல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். 36ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிளிக்குக்கு ஒரு டீ, இரண்டு வடை. புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் ஆயிரம் படம் குப்பையாகத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தக் குப்பையை டீ வடைக் கணக்கில் எடுக்கப் போகிறீர்களா?

டி3200ஐ வாங்கிவிடுங்கள். 24 மெகாபிக்சல், இன்றைக்கும் தாராளமாகப் போதும். மாமா கேமராவைக் கண்ணாடி அலமாரியில் வைத்து ஆயுத பூஜைக்குப் பொட்டு வையுங்கள்.


மழைக்குருவி:

மேலே சொன்ன அண்ணா பிலிமைத் தொட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 😄

நான் சென்னையில் ஐடி வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு திரையில் படம் பார்க்கப் பிடிக்காமல்தான் பிலிமுக்கு வந்தேன். கலரை விட்டுவிட்டுக் கருப்பு வெள்ளைக்கு வாருங்கள் சார், பாதிச் செலவு குறைந்துவிடும். ஏனென்றால் வீட்டிலேயே கழுவலாம். நான் இல்ஃபோர்ட் எச்பி5 ரோலை டி-76 என்ற டெவலப்பர் மருந்தில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவுகிறேன். 20 டிகிரியில் 11 நிமிடம். கஷ்டம் என்னவென்றால் சென்னையில் மே மாதம் குழாயில் வருகிற தண்ணீர் 30 டிகிரிக்கு மேல். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் மருந்து நீர்த்துப்போகும். அதனால் ஐஸை ஜிப் கவரில் போட்டு, கவரை மருந்துக் குடுவைக்குள் மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மா ஒரு தடவை அந்தக் கவரைப் பார்த்துவிட்டு "இதை ஃப்ரிட்ஜ்ல வெச்சே, கொன்னுடுவேன்" என்றார்.

இன்னொன்று, கறுப்புப் பைக்குள் கையை விட்டு ரோலைச் சுருளில் ஏற்றும்போது கை வியர்த்தால் போச்சு. பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. ஒரு தடவை 25 நிமிடம் இரண்டு கையும் பைக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாசலில் கூரியர்காரர் பெல் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் டேங்கைத் திறந்து ஈர நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். 36தான் இருக்கிறது என்று தெரிந்தால் கண் தானாகவே கூர்மையாகும். உங்கள் ஓவிய வாத்தியார் சொன்னது சரிதான்.


இருட்டறை:

வைகைக்கரை சார், நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோக்காரன். பத்தாவதில் உங்கள் பாடத்தில்தான் கோட்டை விட்டேன், அதனால்தான் 1983ல் ஸ்டூடியோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இப்போது கடையை மகன் பார்க்கிறான். பெரிதாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இந்த விஷயத்தில் எனக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு.

முதல் இரண்டு வருடம் கேமராவைத் தொடவிடவில்லை. ட்ரே கழுவுவது, ஹைப்போ மருந்து கரைப்பது, பாஸ்போர்ட் படம் வெட்டுவது, இவ்வளவுதான். மூன்றாவது வருடம் முதலாளி ஒரு ரோலைக் கையில் கொடுத்தார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் தயாரான இந்து ரோல். அந்த ஃபேக்டரி இப்போது மூடிக் கிடக்கிறது, அன்றைக்கு எங்கள் மாதிரிக் கடைகளுக்கு அதுதான் சோறு. ரோலோடு ஒரு 40 பக்க நோட்டும் கொடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் எண், அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), வெளிச்சம் எப்படி என்று எழுத வேண்டும். "உச்சி வெயில்", "மேகம்", "திண்ணை நிழல்", "கோயில் பிரகாரம்" என்று எழுதுவேன். ரோலைக் கழுவி, நெகட்டிவ் அளவிலேயே காண்டாக்ட் பிரிண்ட் போட்டதும் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். "இது ஏன்டா கருத்துப் போச்சு?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு மறுபடி ட்ரே கழுவல்.

நான் கற்றுக்கொண்டது இந்த நோட்டில்தான். பிலிம் எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. டிஜிட்டலில் இந்த நோட்டை யாரும் எழுதவே வேண்டாம், ஒவ்வொரு படத்துக்குள்ளும் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம்), எடுத்த நேரம் எல்லாம் பதிந்து கிடக்கிறது. என் மகனிடம் பயிற்சிக்கு வருகிற பையன்களில் ஒருத்தனாவது அதைத் திறந்து பார்க்கிறானா என்றால் இல்லை.

அடுத்தது, பிலிம் என்றால் யோசித்து எடுப்பார்கள் என்ற பேச்சு. எங்கள் முதலாளி கல்யாணத்துக்கு மூன்று ரோலுக்கு மேல் தரமாட்டார். நாங்கள் யோசித்தது காசைப் பற்றி. காசு இருந்தவன் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் கேரி வினோகிராண்ட் என்று ஒரு பெரிய தெருப் புகைப்படக்காரர். அவர் 1984ல் இறந்தபோது கழுவாமலே சுமார் 2,500 ரோல் கிடந்தது. ரோல், படம் அல்ல. 36ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மேதை. மழைக்குருவி பாப்பாவுக்குக் கண் கூர்மையாகிறது என்றால் அது அவருடைய சுபாவம், சந்தோஷம். ரோலுக்கு அந்தப் புகழைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். கலர் நெகட்டிவ் போல ஒரு பொய்க்காரனை நான் பார்த்ததில்லை.

1990களில் கலர் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போடுகிற மினிலேப் வந்ததும் நாங்கள் எல்லாரும் கலருக்கு மாறினோம். நெகட்டிவ் ரோல் வெளிச்சத்தைக் கூட வாங்கினால் தாங்கும். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடப் போனாலும் லேபில் உட்கார்ந்திருப்பவர் டென்சிட்டி பட்டனைத் தட்டி ஒழுங்கான பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவார். படம் பளிச்சென்று வரும். நான்தான் சரியாக எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஆறேழு வருடம். அப்புறம் சிவகாசியிலிருந்து ஒரு காலண்டர்காரர் எங்கள் பக்கத்துக் கோயில் குளங்களை ஸ்லைடு ரோலில் எடுத்துத் தரச் சொன்னார். நம்ம வேலைதானே என்று போனேன். ஸ்லைடில் நெகட்டிவும் கிடையாது, பிரிண்ட் போடுகிறவரும் கிடையாது. கேமராவில் விழுந்ததுதான் படம். அரை ஸ்டாப் தப்பினாலே தெரியும். கழுவி வந்த ஸ்லைடுகளை லைட் பாக்ஸில் பரப்பினேன். கோபுரம் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மகாமகக் குளத்து மண்டபங்களில் ஒரு வரிச் சிற்பம்கூடத் தெரியவில்லை. லேப்காரர் இத்தனை நாள் என் தப்பை எல்லாம் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாங்கிய அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தேன்.

2006ல் முதல் டிஜிட்டல் வாங்கியபோது அதே அடி இன்னொரு தடவை. நெகட்டிவ் பழக்கத்தில் கொஞ்சம் தாராளமாக வைத்தேன், மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பே இல்லை, வெள்ளைக் காகிதம். டிஜிட்டலில் இருட்டான இடத்தை ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போன இடத்தில் எடுப்பதற்கு ஒன்றுமே இருக்காது. நெகட்டிவ் இதற்கு நேர் எதிர். ஆக டிஜிட்டலின் குணம் ஸ்லைடின் குணம். உடனே கண்ணில் காட்டுகிற ஸ்லைடு. உங்கள் வார்த்தையில் சொன்னால் அடிக்கிற வாத்தியார் டிஜிட்டல்தான், பிலிம் மார்க் அள்ளிப் போடுகிற வாத்தியார்.

அதனால் டி3200ஐ வாங்குங்கள். வாங்கியதும் எல்லாவற்றையும் கையால் வைக்கிற எம் மோடில் வையுங்கள், ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட்டு 200ல் நிறுத்துங்கள். கிட் லென்ஸை 35க்குக் கொண்டுவந்து அங்கேயே விடுங்கள், டேப் போட்டு ஒட்டினாலும் தப்பில்லை. அந்தக் கேமராவில் சக்கரம் ஒன்றுதான். ஷட்டரை நேராகத் திருப்பலாம், அபெர்ச்சரை மாற்ற ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் இருக்கிற கூட்டல் கழித்தல் பட்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

பிறகு மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். பக்கத்தில் ஒரு வாழை இலை. வீட்டில் ஆட்டுக்கல் இருந்தால் அதையும் வெயிலுக்கு நகர்த்துங்கள். ஒவ்வொன்றையும் ஃபிரேம் நிறைய வைத்து, வெளிச்ச மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வரும். வேட்டி அழுக்காகத் தெரியும், ஆட்டுக்கல் நரைத்திருக்கும், இலை மட்டும் இலையாக இருக்கும். மீட்டருக்கு வேட்டியும் தெரியாது கல்லும் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வேட்டிக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டியும் கல்லுக்கு ஒன்றரை குறைத்தும் எடுத்துப் பாருங்கள். இதை முதலாளியிடம் கற்க எனக்கு நாலு மாதம் ஆனது, உங்களுக்கு அரை மணி நேரம். கலர் ரோலில் இதே பரீட்சையைச் செய்தால் லேப்காரர் மூன்றையும் சரிசெய்து கொடுத்து உங்களைக் கெடுத்துவிடுவார்.

மாமா கேமராவை அலமாரியில் வைக்கச் சொல்லமாட்டேன். அது ஒன்றை நன்றாகக் கற்றுத் தரும். லென்ஸில் தூரம் மீட்டர் கணக்கிலும், அதன் இரண்டு பக்கமும் அபெர்ச்சர் எண்களும் கோடு போட்டிருக்கும். எஃப் 8ல் வைத்து 5 மீட்டருக்குத் திருப்பினால் சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை தெளிவாக விழும், அந்தக் கோடே சொல்லும். அதற்கு மேல் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் கேமராவைத் தூக்கியதும் அழுத்தலாம். தூரத்தைக் கண்ணால் அளக்கிற பழக்கம் இப்படித்தான் வந்தது எங்களுக்கு. கிட் லென்ஸில் அந்தக் கோடே கிடையாது.

வெளிச்ச மீட்டர் இல்லாமலும் பழகுங்கள். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ரோலின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். 200 ரோல் என்றால் 1/250. லேசாக மேகம் என்றால் எஃப் 11, நன்றாக மூடினால் எஃப் 8, நிழலுக்குப் போனால் இன்னும் திறக்க வேண்டும். கே1000ல் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி நிற்கும். பேட்டரி செத்தாலும் மீட்டர் மட்டும்தான் போகும், கேமரா ஓடும்.

ரோல் ஓடாத கதை. சார், அது எல்லாருக்கும் நடந்திருக்கிறது, வெளியே சொல்லமாட்டார்கள். ரோல் நுனியை வலப்பக்க உருளையின் பிளவில் செருகி, மூடியைத் திறந்து வைத்தபடியே ஒரு தடவை லீவரை இழுங்கள். மேலும் கீழும் இரண்டு பக்கத்து ஓட்டைகளும் பற்களில் உட்கார வேண்டும். மூடிய பிறகு இடப்பக்கக் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றி, இறுகியதும் நிறுத்துங்கள். அடுத்து லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றினால் ரோல் ஓடுகிறது. சுற்றாவிட்டால் ஓடவில்லை. எண் காட்டுகிற முள்ளை நம்ப வேண்டாம், அது லீவரோடு ஓடுவது, ரோலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் முதலாளியும் கே1000தான் வைத்திருந்தார், அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1987ல் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கல்யாணம். முதலாளிக்குக் காய்ச்சல், என்னைத் தனியாக அனுப்பினார். ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் 1/60ல் இருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ இடித்ததில் சக்கரம் 125க்கு நகர்ந்துவிட்டது, நான் பார்க்கவில்லை. கெட்டிமேளம், தாலி, ஏழெட்டுப் படம். கழுவினால் ஒவ்வொன்றிலும் சரிபாதி கறுப்பு. அந்தக் கேமராவில் ஷட்டரின் துணித் திரை பக்கவாட்டில் ஓடும். 60க்கு மேல் போனால் ஃபிளாஷ் அடிக்கிற நேரத்தில் முழு ஜன்னலும் திறந்திருக்காது. பெண் குனிந்த தலையோடு அழகாக இருந்தார். தாலியோடு இரண்டு கை வெளிச்சத்துக்குள் நீண்டிருந்தது. கைக்குச் சொந்தக்காரர் இருட்டுக்குள். மாப்பிள்ளை வீட்டார் கடைக்கு வந்தபோது முதலாளி என்னைப் பின் அறைக்கு அனுப்பிவிட்டு, தானே எடுத்ததாகச் சொல்லிக்கொண்டார். ஒரு பைசா வாங்கவில்லை. டிஜிட்டல் இருந்திருந்தால் முதல் படத்திலேயே திரையில் பார்த்திருப்பேன். பிலிமின் பெருமை பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.


விஸ்காம்2003:

இருட்டறை ஐயா சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் படித்தபோது வகுப்பில் பாதிப் பேர் கையில் நிக்கான் எஃப்எம்10, மீதிப் பேர் அதைக் கடன் கேட்டு அலைவோம். நோட்டும் எழுதச் சொன்னார்கள். பெரும்பாலானோர் சமர்ப்பிக்கிற அன்று காலையில் உட்கார்ந்து கற்பனையில் எழுதினோம், அது வேறு கதை.

ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். திரையில் உடனே தெரிவது வேட்டி, ஆட்டுக்கல் பரீட்சைக்குச் சரி. மனிதர்களை எடுக்கும்போது அதுவே கெடுதல். ஒரு படம் எடுத்ததும் தலை தானாகக் கீழே குனிகிறது. நிமிர்வதற்குள் அந்தப் பாட்டி சூடத்தை அணைத்துவிட்டிருப்பார். மெனுவில் எடுத்ததும் படம் காட்டுவதை நிறுத்தி வைக்கலாம். வெளியே போகும்போது நிறுத்துங்கள், வீட்டில் பழகும்போது போடுங்கள்.

லென்ஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கே காசை விட்டிருக்கிறார்கள். மாமாவின் 50 எம்எம் லென்ஸ் நிக்கானில் ஒழுங்காக உட்காராது, அடாப்டர் போட்டாலும் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா உடம்பில் அதே லென்ஸ் அருமையாக வேலை செய்யும், பின்னால் யோசித்துக்கொள்ளலாம். டி3200க்குத் தனி லென்ஸ் வாங்கினால் 35 எம்எம் எஃப் 1.8 பாருங்கள், சென்சார் சின்னது என்பதால் கே1000ல் 50 காட்டுகிற அளவை இதில் 35 காட்டும். அப்புறம், அந்த உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் டி வகை லென்ஸை வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். வியூஃபைண்டரோ சாவித் துவாரம் மாதிரி. கே1000 வழியாகப் பார்த்த கண்ணுக்கு அழுகை வரும்.


மழைக்குருவி:

இருட்டறை ஐயா, பாப்பா இல்லை, எனக்கு 29 வயது. 🙂 கலர் நெகட்டிவ் பற்றிச் சொன்னது உறைக்கிறது, ஸ்கேன் செய்கிறவர்களும் அதையே செய்கிறார்கள். ஆனால் கருப்பு வெள்ளையை நானே கழுவி நானே லைட் பாக்ஸில் பார்க்கிறேன், எனக்கு யாரும் துடைத்துவிடுவதில்லை. அதற்காவது மார்க் கொடுங்கள்.


இருட்டறை:

கொடுத்தேன் அம்மா. தன் நெகட்டிவைத் தானே கழுவுகிறவரிடம் எனக்கு வழக்கே இல்லை. 24 டிகிரியில் நேரத்தைக் குறைத்துக் கழுவிப் பாருங்கள், ஐஸ் கவருக்கு வேலை பாதியாகும். 11 நிமிடம் என்பது எட்டுக்குப் பக்கத்தில் வரும். ஐந்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், திட்டுத் திட்டாக விழும்.


வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், பரீட்சைத் தாள் திருத்தும் வேலை.

டி3200 வந்துவிட்டது. வேட்டிப் பரீட்சை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆட்டுக்கல் மாடிக்கு ஏறாது, அதனால் எல்லாவற்றையும் கொல்லைக்குக் கொண்டுபோனேன். வேட்டியை ஆட்டுக்கல் பக்கத்தில் விரித்துவிட்டுக் குனிந்து நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா, "என்ன சார், ஏதும் பரிகாரமா?" என்று கேட்டார். ஐயா சொன்னபடியேதான் வந்தது. வேட்டியும் கல்லும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே நிறம். வேட்டிக்கு ஒன்றரை கூட்டினேன், சரியாக இருந்தது. இரண்டரை கூட்டிப் பார்த்தேன், கரை மட்டும் மிதந்தது, நூல் ஒன்றும் இல்லை. மகள் வந்து பார்த்து, "இதுக்காப்பா மூணு வாரம்?" என்றாள்.

எனக்கு வேறொன்று பிடிபட்டது. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று லென்ஸில் எழுதியிருக்கிறதே, இதை ஏன் இப்படி அசிங்கமாக வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பொது விகிதம் வர்க்கமூலம் இரண்டு! விட்டத்தை வர்க்கமூலம் இரண்டால் வகுத்தால் பரப்பு சரிபாதி. 18 வருடமாகப் பத்தாம் வகுப்புக்குப் பெருக்குத் தொடர்வரிசை நடத்துகிறேன், வங்கி வட்டியை விட்டால் வேறு உதாரணம் சொன்னதில்லை. மறுநாள் கே1000ஐ வகுப்புக்கே கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து, ஷட்டர் சக்கரத்தைப் பியில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும்) வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். துளை சுருங்குவதைப் பார்க்கக் கடைசி பெஞ்ச் முன்னால் வந்து நின்றது, என் வகுப்பில் இது நடந்ததே இல்லை.

இருட்டறை ஐயா, ஒரு சந்தேகம். மூடி உட்காரும் பள்ளத்தில் கறுப்பாகப் பிசுபிசு என்று ஏதோ விரலில் ஒட்டுகிறது. கெட்டுப்போனதா?


இருட்டறை:

வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருக்கிற நுரைப் பட்டை. 40 வருடம் ஆனால் தார் மாதிரி ஆகிவிடும். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுங்கள். உள்ளே இருக்கிற ஷட்டர் துணியில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. கறுப்பு உல்லன் நூலைப் பள்ளத்தில் வைத்து ஒட்டினால் தற்காலிகத்துக்குப் போதும், நாங்கள் அப்படித்தான் செய்தோம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடிக்கு முன்னால் மேலே இருக்கும் பட்டையைத் தொடாதீர்கள், அதை ரிப்பேர்க்காரரிடம் விடுங்கள்.

பெருக்குத் தொடரை எனக்கு 1983ல் யாராவது இப்படிக் காட்டியிருந்தால் நான் பாஸ் ஆகியிருப்பேன்.


வைகைக்கரை:

நூல் ஒட்டியாகிவிட்டது. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது, இன்னும் கேட்கவில்லை.

நேற்று ஒரு கருப்பு வெள்ளை ரோல் வாங்கினேன், மழைக்குருவி சொன்ன அதே எச்பி5. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நுனியைப் பிளவில் செருகினேன், இரண்டு பக்கத்து ஓட்டையும் பல்லில் உட்கார்ந்தது, மூடினேன், குமிழை இறுகும்வரை சுற்றினேன். மகளைக் கூப்பிட்டுக் குமிழைப் பார்க்கச் சொல்லிவிட்டு லீவரை இழுத்தேன். முதல் இழுப்பில் ஒன்றும் நகரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது தடவை இழுத்தேன்.

"சுத்துதுப்பா" என்றாள்.